ஜெல்லித் தட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு நாய்களும்

சர்க்கார் ஆபீஸ்கள் எல்லாம் நவீனமாக வேண்டும் என்று 1932-ஆம் வருஷம் மாசி மாதத்தில் மேலிடத்தில் தீர்மானம் ஆயிற்று. நல்ல தீர்மானம். அதை நிறைவேற்றும் பொருட்டு, ஆம்பூரில் இருந்த எங்கள் ஆபீசுக்கு ஒரு தகரத் தட்டு வந்து சேர்ந்தது.

எங்கள் ஆபீசைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் முழுப் பெயர், 'டேனரிக் கழிவு மற்றும் தெருநாய்ப் பெருக்கம் சம்பந்தமான ஸ்பெஷல் விசாரணை ஆபீஸ் (தற்காலிகம்)'. தோல் பதனிடும் டேனரிகளில், தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழித்தெடுப்பார்கள். அதைக் கண்ட இடத்தில் கொட்டினால் நாய் சேரும். நாய் சேராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்காக நாங்கள் நாய்ப் பக்கம் போவதில்லை. சதையை மூடிய தொட்டியில் கொட்டும்படி டேனரிகளுக்குச் சுற்றறிக்கை எழுதுவோம். விதிப்படி அதை எண்பத்து நான்கு டேனரிகளின் வாசற்கதவிலும் ஒட்டுவோம். வாரம் ஒருமுறை அந்த வாசல்களில் நிற்கும் நாய்களை எண்ணி மேலிடத்துக்குத் தெரிவிப்போம். நான் வேலையில் சேர்ந்த வாரம் எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு.

ஆபீசில் நாங்கள் நாலு பேர். ஸ்பெஷல் ஆபீஸர் எப்போதும் முகாமில் இருப்பார். அவரை நான் பார்த்ததில்லை, அவர் நாற்காலியைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே, கயிற்றை இழுத்தால் விசிறும் பங்கா ஒன்று தொங்கும். அடுத்தவர் ஹெட் கிளார்க் ராமமூர்த்தி சார், இருபத்தாறு வருஷ சர்வீஸ். மூன்றாவது பியூன் சாமுவேல். பங்கா இழுப்பதும் சுற்றறிக்கை ஒட்டுவதும் நாய் எண்ணுவதும் அவர். நாலாவது நான், ஜெயகரன், பி.ஏ., ஆறு மாதப் பரீட்சைக் காலத்தில் இருந்த குமாஸ்தா. ஆடி முடிவில் என் வேலையை ஊர்ஜிதம் செய்வார்கள், அல்லது செய்யமாட்டார்கள்.

செய்யாவிட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. என் அப்பா தேவசகாயம் முப்பது வருஷமாக டேனரியில் சதை வழிக்கிறவர். அதாவது, எந்தச் சதைக்கு எதிராக நான் சுற்றறிக்கை எழுதினேனோ, அதை உற்பத்தி செய்கிறவர். நான் பி.ஏ. தேறிய அன்று அவருடைய மேஸ்திரி, "பையனை நம்ம கிடங்குல தோல் எண்ணப் போடட்டுமா?" என்று கேட்டாராம். "என் பையன் கையில தோல் வாசனையே வரக் கூடாது மேஸ்திரி" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார் அப்பா. அந்த வழியை இப்படி அவரே பெருமையோடு அடைத்து வைத்திருந்தார்.

தட்டு வந்த அன்று ராமமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஜெயகரன், நீர் பி.ஏ.தானே?"

"ஆமாம் சார்."

"அப்போ இது உம்முடைய பொறுப்பு."

நான் படித்தது சரித்திரம். பானிபட்டில் நடந்த மூன்று யுத்தங்களுக்கும் வருஷம் சொல்வேன். அவற்றில் ஒன்றிலும் இந்தத் தட்டு வரவில்லை. "எனக்கு இயந்திரம் தெரியாது சார்" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என்னை நாணயஸ்தன் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் நின்றேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம்.

தட்டில் விரற்கடை உயரத்துக்கு ஜெல்லி இருந்தது. கூடவே ஒரு சின்னப் புஸ்தகம். ஊதா மையால் எழுதிய காகிதத்தை ஜெல்லியின் மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து அதில் இறங்கிவிடும். பிறகு வெற்றுக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தால் ஐம்பது பிரதி வரை கிடைக்கும். முதல் நாள் எனக்கு நாற்பத்தாறு கிடைத்தது. ராமமூர்த்தி சார் தட்டின் மூலையில் சந்தனம் வைத்தார். சாமுவேல் சிலுவை போட்டுக்கொண்டார். அதுவரை எண்பத்து நான்கையும் கையால் எழுதி மணிக்கட்டு வீங்கியிருந்த நான், தட்டைக் கும்பிடாத குறை.

பங்குனி பிறந்ததும் ஜெல்லி இளக ஆரம்பித்தது.

'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று புஸ்தகத்தில் போட்டிருந்தது. அதை எழுதியவர் பங்குனியில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கமாட்டார். ஆபீசில் கொஞ்சமாவது குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

"சார், தட்டைப் பங்காவுக்குக் கீழே வைத்தால் இறுகும்" என்றேன்.

"பங்கா யாருக்கு சாங்ஷன் ஆகியிருக்கிறது?" என்றார் ராமமூர்த்தி சார்.

"ஆபீஸருக்கு."

"தட்டு ஆபீஸரா?"

"இல்லை சார். ஆனால் ஆபீஸர் அரக்கோணத்தில் இருக்கிறார்."

"அவர் எங்கே வேண்டுமானாலும் இருப்பார். நாற்காலி இங்கேதானே இருக்கிறது?"

ஆகவே சாமுவேல் நாற்காலிக்கு விசிறிக்கொண்டிருந்தார். நாலடி தள்ளித் தட்டு உருகிக்கொண்டிருந்தது. ராமமூர்த்தி சார் நியாயமான மனிதர். தட்டுக்குப் பங்கா அனுமதிக்கலாமா என்று மேலிடத்துக்கு அன்றே எழுதிப் போட்டார். பதினெட்டு நாளில் பதில் வந்தது. 'மேற்படி தட்டின் கிரேடையும் வேலையில் சேர்ந்த தேதியையும் தெரிவித்தால் தகுதி பரிசீலிக்கப்படும்.'

சேர்ந்த தேதி எங்களுக்குத் தெரிந்திருந்தது. கிரேடு தெரியவில்லை. அந்த பைல் அப்படியே நின்றது.

இதற்கிடையில் வாராந்தரப் படிவம் ஒன்று அனுப்ப வேண்டியிருந்தது. அதில், 'இயந்திரம் வேலை செய்கிறதா?' என்று ஒரு கலம். 'ஆம்' என்றால் அதோடு முடிந்தது. 'இல்லை' என்றால் காரணம், பொறுப்பாளர் பெயர், அவர் மேல் எடுத்த நடவடிக்கை என்று இன்னும் மூன்று கலம். நான் பொய் எழுதுகிறவன் அல்ல. காலை ஆறு மணிக்கே ஆபீசுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரவுக் குளிரில் ஜெல்லி ஒருமாதிரி இறுகித்தான் இருந்தது. 'ஆம்' என்று எழுதினேன். ஆபீஸ் திறப்பது பதினோரு மணிக்கு. அதை அந்தப் படிவம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சுவாமியாரிடம் இதைச் சொன்னேன். "இதனால் யாருக்காவது கெடுதல் உண்டா?" என்று சுவாமியார் கேட்டார். "இதுவரை இல்லை சுவாமி" என்றேன். பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். அந்த விலைக்குத் தொடர்ந்து நாலு வாரம் 'ஆம்' எழுதினேன்.

நாலு 'ஆம்'களையும் பார்த்து மேலிடம் சந்தோஷப்பட்டது. மாதம் ஒரு சுற்றறிக்கை என்பது வாரம் ஒன்று ஆயிற்று. அத்துடன் ஓர் உத்தரவு: 'நவீன இயந்திரம் நல்ல நிலையில் இயங்கும் ஆபீசில் கையால் பிரதி எடுப்பது கால விரயமாகையால் தடை செய்யப்படுகிறது.'

அந்த உத்தரவு வந்த அன்று பகல் ஒரு மணிக்கு ஜெல்லி தட்டை விட்டு வழிந்து, மேஜை இழுப்பறைக்குள் இறங்கி, முந்தின மூன்று மாத நாய்க் கணக்கின் மேல் படர்ந்தது. எறும்பு வந்தது.

புது ஜெல்லி கேட்டு எழுதலாமா என்று ராமமூர்த்தி சாரிடம் கேட்டேன்.

"எழுதலாம். நாலு மாதத்தில் வரும். ஆனால் நல்ல நிலையில் இயங்குகிற இயந்திரத்துக்கு ஜெல்லி எதற்கு என்று கேட்பான். என்ன பதில் எழுதுவீர்?"

படிவக் கட்டை எடுத்துப் புரட்டினேன்.

"இயங்குகிறது என்று எழுதியது யார்?" என்றார்.

"நான்தான் சார்."

"அப்போ இயங்கட்டும்" என்று சொல்லி மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஷபீ அஹமதிடம் போனேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். ஐந்தாம் பாரத்தோடு நிறுத்திவிட்டு, மாமாவின் டேனரிக்குப் பின்னால் வஜ்ஜிரம் காய்ச்சுகிற கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் பசை அது. விஷயத்தைக் கேட்டதும் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா பி.ஏ., காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா? சீமைலேர்ந்து வர்ற ஜெல்லி இன்னான்னு நெனச்ச? தோல் துண்டு, வழிச்ச சதை, நரம்பு, எல்லாத்தையும் போட்டுக் கொதிக்க வெச்சு வடிகட்டுனா அதான். அங்க நாலு தரம் கழுவுவான். நம்ம ஆளு ஒரு தரம் கழுவுவான். அதுவும் மழை பெஞ்சா."

"வழித்த சதையா?"

"உங்கப்பா வழிக்கிறதுதான். ஏன், பேஜாரா இருக்குதா?"

பசை காய்ந்து வெடிக்காமலிருக்க மருந்துக் கடையிலிருந்து என்னைக் கிளிசரின் வாங்கி வரச் சொல்லி, அதை அவன் கொதிக்கிற வஜ்ஜிரத்தில் ஊற்றிக் கிண்டினான். தட்டில் வார்த்து ஆறவைத்தோம்.

"ஷபீ, வாசனை வருமாடா?"

அவன் குனிந்து மோந்து பார்த்தான். "எனக்கு ஒன்னும் வரல. உனக்கு?"

நானும் மோந்தேன். "எனக்கும் வரல."

நாங்கள் இரண்டு பேரும் ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் தட்டு பிரமாதமாக வேலை செய்தது. அக்கினி நட்சத்திரத்தில்கூடக் கல் மாதிரி நின்றது. எண்பத்து நான்கு பிரதியும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ராமமூர்த்தி சார் ஒரு பிரதியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மூக்குக்கு மிக அருகில் வைத்துப் படித்தார், "பேஷ்" என்றார். அவரும் இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார். அந்த வாரம் படிவத்தில் முதல் தடவையாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு 'ஆம்' என்று எழுதினேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சாயங்காலம் சாமுவேல் திரும்பி வந்தார். பை கிழிந்திருந்தது.

"பி.ஏ. சார், நாய்ங்கல்லாம் இன்னைக்கு எம்பின்னாலயே வந்துச்சுங்க. ஊர்வலமாட்டம்."

"ஒட்டிவிட்டீர்களா?"

"ஒட்டினேன் சார். ஒட்டிட்டு ரெண்டு எட்டு வெச்சுத் திரும்பிப் பார்த்தா காகிதம் இல்ல. நக்கித் தின்னுட்டு அடுத்த கதவுக்கு எனக்கு முன்னாடி போயி நிக்குது."

அந்த வார எண்ணிக்கை முந்நூற்றுத் தொண்ணூறு. அடுத்த வாரம் அறுநூற்று ஐம்பத்தைந்து. குடியாத்தம் பக்கத்து நாய்களும் வந்திருக்கின்றன என்று சாமுவேல் சொன்னார். பல நாய்கள் அவருக்கு முகப்பழக்கம் இல்லையாம். இன்னொரு விஷயத்தையும் நான் கவனித்தேன். எண்பத்து நான்கு டேனரிகளில் ஒன்றுகூடச் சுற்றறிக்கை வரவில்லையே என்று கேட்டு எழுதவில்லை.

ராமமூர்த்தி சார் எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்பட்டார். "நாய் ஜாஸ்தியாகிவிட்டது. சுற்றறிக்கை போதவில்லை. வாரம் இரண்டாக அடியும்."

"ஐயா," என்றார் சாமுவேல், "நம்ம காகிதத்தைத் தின்னத்தான் வருதுங்க."

"சாமுவேல், படிவத்தில் எத்தனை நாய் என்றுதான் கலம் இருக்கிறது. எதற்கு வருகிறது என்று கலம் இருக்கிறதா?"

"இல்லீங்க."

"அப்போ எண்ணிக்கொண்டு வாரும், போதும்."

எனக்கு மட்டும் விஷயம் முழுவதும் தெரியும். நாய்க்கு எதிராக ஏற்பட்ட ஆபீஸ், வாரம் இரண்டு தடவை, அரசாங்கச் செலவில், ஊர் நாய்களுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தது. சமைத்தவன் நான். சொன்னால் வேலை போய்விடும். அப்பா அடைத்த வழியில் போய் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் ஊர் கெட்டுப்போகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் புஸ்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆபீஸ்ல வேலை ஜாஸ்திபோல" என்று அம்மா சவுரியம்மாள் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்.

நாய் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதும் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் பார்வையிட வந்தார். ரயிலிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டை மூக்கில் இருந்தது. ஆபீஸ் வாசலில் அறுபது நாய்கள் சத்தம் போடாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அன்றைக்குச் சுற்றறிக்கை நாள்.

"நிலைமை இவ்வளவு மோசமா?" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"இத்தனைக்கும் நாங்கள் இடைவிடாமல் சுற்றறிக்கை அனுப்புகிறோம்" என்றார் ராமமூர்த்தி சார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அதிகாரி உள்ளே வந்தார். அந்த ஊரில் அன்று வேலை செய்த மூக்கு அவருடையது ஒன்றுதான். நேராக என் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது என்ன ஜெல்லி?"

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "சார், அது வந்து, உண்மையில்..."

அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எழுத்து மூலம் தெரிவியும்" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார்.

எழுதினேன். ஏழு பக்கம். என் மௌனம், காலை ஆறு மணி 'ஆம்', ஷபீயின் கொட்டகை, வஜ்ஜிரம், நாய், ஒன்று விடவில்லை. கையெழுத்துப் போட்டு ராமமூர்த்தி சாரின் மேஜையில் வைத்துவிட்டு எதிரே நின்றேன். அவர் நிதானமாக ஏழு பக்கமும் படித்தார்.

"எழுத்து நன்றாக இருக்கிறது. எல்லாம் உண்மைதானா?"

"உண்மைதான் சார். என்னை வேலையை விட்டு எடுத்தாலும் சரி."

"எடுப்பது வைப்பது எல்லாம் மேலிடம் ஓய். ஆனால் இது இலாகாவின் எல்லாக் கிளைகளையும் பாதிக்கிற விஷயம். அவர்களிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டும். நாற்பது பிரதி எடும்."

"கையாலா சார்?"

"கையால் எடுக்கத் தடை உத்தரவு இருக்கிறது, மறந்துவிட்டதா?"

ஊதா மையால் திரும்பவும் எழுதி, ஏழு பக்கத்தையும் ஒவ்வொன்றாக அந்தத் தட்டில் கவிழ்த்து அழுத்தினேன். சாமுவேல் மூலத்தையும் பிரதிகளையும் ஒன்றாகக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு தபாலில் சேர்க்க ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறுபதும் எழுந்து அவர் பின்னால் நடந்தன.

அரை மணியில் வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார்.

"எல்லாம் போச்சு சார். ஒரு செவலை நாய் மட்டும் ரெண்டாம் பக்கத்தைக் கடிச்சுப் பார்த்துட்டுத் துப்பிட்டுப் போயிடுச்சு."

அந்த இரண்டாம் பக்கத்தில்தான், என் பேரில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்பதற்கான காரணங்களை விவரமாக எழுதியிருந்தேன்.

"திரும்பவும் எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"எதற்கு? அனுப்பியதாகப் பதிவு ஆகிவிட்டது" என்றார் ராமமூர்த்தி சார். "முப்பது நாளில் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம்."

முப்பது நாளில் எந்தக் கிளையிலிருந்தும் பதில் வரவில்லை. முப்பத்தோராம் நாள் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. நாய்ப் பெருக்கம் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருப்பதால் ஆபீசின் பெயரிலிருந்து 'தற்காலிகம்' நீக்கப்படுகிறது. இன்னும் மூன்று குமாஸ்தாக்களும் இரண்டு தட்டுகளும் அனுமதிக்கப்படுகின்றன. வெயில் காலத்திலும் இயந்திரத்தை இடைவிடாமல் இயக்கிய ஜெயகரன், பி.ஏ., வேலையில் ஊர்ஜிதம் செய்யப்படுகிறார். கடைசியில் ஒரு வரி: தட்டுக்குப் பங்கா அனுமதிக்கும் கோரிக்கை, தேவை இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது.

ராமமூர்த்தி சார் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மேலிருந்து கீழ்வரை ஒருவர் பாக்கியில்லாமல் எங்கள் பிழைப்பு முழுவதும் இப்போது அந்த நாய்களின் பசியில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகும் மைசூர்பாகைத் தின்றேன். இரண்டு துண்டு.

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்டேன். டேனரி வாசலில் அப்பா வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாகச் சதை வழித்த கைகள். அவரை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. என் பின்னால் பதினோரு நாய்கள் வந்துகொண்டிருந்தன.

"இன்னாப்பா இது?" என்றார்.

"ஆபீஸ் நாய்ங்கப்பா. வேலை பெர்மனென்ட் ஆயிடுச்சு."

தெருவில் நாலு பேர் பார்க்கட்டும் என்றோ என்னவோ, அப்பா என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி நன்றாக மோந்து பார்த்தார்.

"கொஞ்சம்கூடத் தோல் வாசனை வரல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவரும் ஆம்பூரில் பிறந்தவர்தான்.